அந்த வருடம் வராத மரோன் கிளாசே

அராலிச் செல்லத்துரையருக்குப் பிள்ளைகள் ஐந்து. மூத்தவர் சிறீஸ்கந்தராசா, கடைசி குலேந்திரன். இடையில் மூன்று பெண்கள், மூன்று பேரும் இப்போது டொரொன்டோவில். மூத்தவருக்கும் கடைசிக்கும் பதினொரு வயது இடைவெளி. தாய்க்கு உடம்பு தேறாத காலத்தில் பிறந்தவன் என்பதால், குலேந்திரனைத் தோளில் போட்டுப் போத்தில் பால் கொடுத்துத் திரிந்தது தமையன்தான். பெண்கள் மூவரையும் விட்டுவிடுவோம், இங்கே அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் நின்று ஒரு பிழை செய்தவள் ஒருத்தி இருக்கிறாள், மூத்தவருடைய மனைவி ஜெயமலர். கதை அவளுடையது.

வீடு டெக்சாஸில், சுகர் லேண்டில். சிறீஸ்கந்தராசா எண்ணெய்க் கம்பனியொன்றில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெயமலர் பக்கத்து டேகேரில் மற்றவர்களுடைய குழந்தைகளைத் துடைத்தும் தூங்கவைத்தும் காலத்தை ஓட்டியவள். ஒரே மகள் துவாரகா ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் வேலை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். ஜெயமலருக்கு மட்டும் கலியாணமான நாளிலிருந்து ஒரு கவலை. இந்த மனிதன் கோபத்தில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, பிறகு வெட்கத்தில் அதையே பிடித்துக்கொண்டு நிற்பார். இறங்கி வர ஆசை இருக்கும், வழி தெரியாது. அந்த வழியை ஒவ்வொரு தடவையும் அவள்தான் வெட்டிக் கொடுக்கவேண்டும்.

குலேந்திரன் பாரிசுக்குப் போனவன். விசா இல்லாமல் ஒளித்துத் திரிந்து, ஓட்டல்களில் கோப்பை கழுவி, கடைசியில் ஒரு இனிப்புக்கடையின் பின்கட்டில் நிலையான வேலை எடுத்தான். குளிர்காலம் வந்தால் அங்கே ஒரு பண்டம் செய்வார்கள். முள்ளுக் கோதுக்குள் விளைகிற ஒரு கொட்டை, நம்முடைய பலாக்கொட்டையின் சாயல். அதைத் தோலுரித்து அவித்து, சீனிப்பாகில் நாள்கணக்காக ஊறவைத்து, பாகை மெல்ல மெல்லத் தடிப்பாக்கி, மேலே கண்ணாடி போல ஒரு பூச்சுக் கொடுத்து, ஒவ்வொன்றையும் தங்கத்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். மரோன் கிளாசே என்று பெயர். பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர். இங்கிலீசுக்காரனும் அதையே எடுத்துக்கொண்டான், மற்ற நாட்டுக்காரர்களும் அதையே சொல்கிறார்களாம். சுகர் லேண்ட் வீட்டிலும் அதற்கு வேறு பெயர் இல்லை.

அண்ணன் தம்பிக்குள் வந்த பகை இருபது வருடத்துப் பகை. குலேந்திரன் தன் விருப்பத்தில் சயந்தினியைக் கட்டினான். அவளுடைய ஆட்களைச் செல்லத்துரையர் குடும்பம் ஊரில் முற்றத்தோடு நிறுத்தி வைத்திருந்தது. போரில் வீடு போய், வளவு போய், ஆளுக்கொரு நாட்டில் விழுந்த பிறகும் அந்தச் சாதிக் கணக்கு மட்டும் அழியவில்லை. சிறீஸ்கந்தராசா போனில் கத்தினார். ஜெயமலர் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"நீ செத்தாலும் நான் துடக்குக் காக்கமாட்டன். விளங்குதோ? எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை."

இரத்த உறவில் ஒருவர் இறந்தால் முப்பத்தொரு நாள் கோயில் படி மிதிக்காமல், சுவாமி விளக்கைத் தொடாமல் இருப்பது துடக்கு. அதைக் காக்கமாட்டேன் என்பது அடியோடு வெட்டுகிற பேச்சு. அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் அந்த வருடமே மார்கழியில் பாரிசிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே மரோன் கிளாசே. கடிதம் இல்லை, ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. சிறீஸ்கந்தராசா அதைத் திறக்கவில்லை, எறியவும் இல்லை. பிரிட்ஜுக்கு மேலே வைத்தார். தைப்பொங்கல் முடிய ஜெயமலர் அதை டேகேருக்குக் கொண்டுபோய் மற்ற பெண்களுக்குக் கொடுத்தாள். அடுத்த வருடமும் வந்தது, அதற்கடுத்த வருடமும். ஒருவரும் தின்னாத பெட்டி ஒரு வருடமும் தவறாமல் வந்தது. மற்ற மாதங்களில் தபால் எடுக்கப் பஞ்சிப்படுகிற மனிதன் டிசம்பர் பிறந்தால் தெருமுனைத் தபால்பெட்டிப் பூட்டைத் திறக்கத் தானே திறப்பை எடுத்துக்கொண்டு நடப்பார். பெட்டி வந்த நாளில் குளியலறைக்குள் பாட்டுக் கேட்கும். ஜெயமலர் ஒன்றும் கேட்கமாட்டாள். பொங்கலன்று களவாகப் பாரிசுக்குப் போன் எடுத்து, "கிடைச்சுது" என்று மட்டும் சொல்லுவாள்.

"அண்ணை திண்டவரோ, அண்ணி?" என்று குலேந்திரன் கேட்பான்.

"மேசையில வச்சவர்."

"மேசைக்கு வந்திட்டுதோ? அப்ப அடுத்த வருசம் வாய்க்குள்ள போயிடும்" என்று சிரிப்பான். பிரிட்ஜுக்கு மேலே என்று சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை.

போன வருடம் நவம்பரில் சிறீஸ்கந்தராசாவுக்கு நெஞ்சு அடைத்தது. பைபாஸ். நெஞ்செலும்பை அறுத்துத் திரும்பக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு சிவப்புத் தலையணை. இருமல் வந்தால் அதை நெஞ்சோடு இறுக்கிக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் தையல் உயிரை எடுக்கும். சத்தமாகப் பேசி ஊரை அடக்கிய மனிதன், ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தும்மலுக்குப் பயந்து சாய்கதிரையில் கிடந்தார். ஜெயமலர் அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு பக்கத்தில் கிடந்தாள்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள் பாரிசிலிருந்து சயந்தினி போன் எடுத்தாள். ஜெயமலர் போனை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போனாள்.

"அக்கா, அவர் போயிட்டார் அக்கா. காலமை வேலைக்குப் போகேக்கை, மெட்ரோ ஸ்டேசனில விழுந்தவர். மூளைக்குள்ள ரத்தமாம். ஆஸ்பத்திரிக்குப் போகமுந்தியே..."

ஜெயமலர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சிறீஸ்கந்தராசா செருமுகிற சத்தம் கேட்டதும் அதை அடக்கிக்கொண்டாள்.

"அண்ணை வரமாட்டார் எண்டு தெரியும்" என்றாள் சயந்தினி. "ஒருக்காப் போனிலயாவது மயூரனோடை கதைப்பாரோ, அக்கா? பெடியன் கொள்ளி வைக்கப்போறான். பதினெட்டு வயசு. பெரியப்பா எண்டு ஒரு குரலும் கேட்டதில்லை."

ஜெயமலர் பைபாஸ் கதையைச் சொன்னாள். சயந்தினி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அப்ப சொல்லாதையுங்கோ. அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவார்" என்றாள். தன் புருசன் பிணமாகக் கிடக்கிற நேரத்திலும் அவள் அப்படிச் சொன்னாள்.

டொரொன்டோ மச்சாள்மார் மூன்று பேரும் சம்மதித்தார்கள். அண்ணைக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம் போகட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லுவோம். எங்கள் சனத்துக்கு இது பழக்கமான வேலை. மாசமாக இருக்கிறவளுக்குத் தகப்பன் செத்ததை மறைத்தோம், பரீட்சை எழுதுகிறவனுக்குத் தாய் செத்ததை மறைத்தோம். துவாரகா ஒருத்திதான் மறுத்தாள்.

"அம்மா, திஸ் இஸ் நாட் ஓகே. அவர்ட பிரதர். டாக்டரைக் கேட்டனீங்களா?"

"டாக்டருக்கு எங்கடை வீட்டுக் கதை என்ன தெரியும், பிள்ளை?"

"கேளுங்கோ அட்லீஸ்ட்!"

ஜெயமலர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று டாக்டர் சொல்லிவிடுவாரோ என்ற பயம். துடக்கு என்ற ஒன்று இருக்கிறதே என்று அவளுக்கும் உறைத்தது. ஆனால் அதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. அவர்தானே வாயால் சொன்னார், காக்கமாட்டேன் என்று. காக்கமாட்டேன் என்றவருக்குச் சொல்லி நெஞ்சைப் பிளக்க வைப்பானேன்? முப்பத்தைந்து வருடம் அவருடைய கோபத்துச் சொல் ஒன்றையும் சொல்லாக எடுக்காதவள், அன்றைக்கு மட்டும் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அதுதான் அவள் விட்ட பிழை.

சவச்சடங்கைப் பாரிசிலிருந்து சூமில் காட்டினார்கள். பால் வாங்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக் கார்நிறுத்தத்தில் ஒரு மூலையில் காரை விட்டு, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்து ஜெயமலர் பார்த்தாள். மயூரன் தகப்பனைப் போலவே கழுத்தைச் சரித்து நின்றான். மூத்தவர் நிற்கவேண்டிய இடத்தில் யாரோ வேலைத்தலத்துச் சிநேகிதன் நின்றான். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, பாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"பால் வாங்க இவ்வளவு நேரமோ? பசுவைத் தேடிப் போனனியோ?" என்றார் சிறீஸ்கந்தராசா.

அன்றிலிருந்து அவள் துடக்குக் காத்தாள். சுவாமி அறைக்குள் போவதை நிறுத்தினாள். முழங்கால் நோகிறது, நிலத்தில் இருக்க ஏலாது என்று சாட்டு. மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்கவில்லை, அதற்கு அவருடைய பத்தியம் என்று சாட்டு. அவள் விட்ட விளக்கை அவர் ஏற்றத் தொடங்கினார். தலையணையை ஒரு கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் திரியைத் தூண்டுவார். வாசலுக்கு வெளியே நின்று அவள் பார்ப்பாள்.

"உனக்கும் சாமிக்கும் என்ன கோவம்? உள்ள வாவன்" என்பார்.

"கால் நோகுது. நீங்கள் கும்பிடுங்கோ, ரெண்டு பேருக்கும் சேர்த்து."

மார்கழி பிறந்தது. கோயிலில் விடியற்பூசைக்குப் பதிகம் பாடுகிறவர் அவர்தான், எத்தனையோ வருடமாக. குரல் வராது, போகவேண்டாம் என்று ஜெயமலர் மன்றாடினாள். அடுத்த தெரு ராஜலக்ஷ்மி, சென்னைக்காரி, காரோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஜெயா, நான் டிரைவ் பண்றேன், நீங்க கவலையே படாதீங்க. பாட்டு பாடினா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு என் தம்பி சொல்றான், அவன் கார்டியாலஜிஸ்ட். ஏன் நீங்களும் வரலை? முட்டிக்கு ஒரு எக்ஸ்-ரே எடுத்துடுங்களேன், இப்படியே விட்டா எப்படி?"

"பிறகு எடுப்பம்."

"இந்த அம்மா எல்லாத்துக்கும் பிறகு, பிறகு. வாங்க சார், சீட் பெல்ட்டுக்கு நடுவுல தலகாணியை வெச்சுக்கோங்க."

முதல் நாள் திரும்பி வந்து ராஜலக்ஷ்மி வாசலிலேயே சொன்னாள்: "சார் வாய்ஸ் அப்படியே திரும்பி வந்துடுத்து ஜெயா. குருக்களே அசந்துட்டார். கற்பூரத்தட்டை முதல்ல சார் கையிலதான் குடுத்தார்."

ஜெயமலர் சிரித்தாள். இனி எப்படிச் சொல்வது? நேற்றுச் சொல்லியிருந்தால் சாவு ஒன்றுதான். இன்றைக்குச் சொன்னால் சாவோடு அந்தக் கற்பூரத்தட்டும் சேரும். ஒவ்வொரு விடியலும் பாரம் கூடியது. கூடக் கூடச் சொல்லும் துணிவு போனது.

இதற்கிடையில் அவர் தபால் பார்க்கத் தொடங்கினார். தெருமுனை வரை நடக்கத் தெம்பில்லை, சாய்கதிரையை யன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார்.

"போஸ்ட் வந்திட்டுதோ?"

"வந்தது. விளம்பரம்தான்."

"வேறை?"

"வேறை என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்."

நத்தார் கிட்டியது, தெருவெல்லாம் கிறிஸ்மஸ் விளக்குகள். சாப்பாடு குறைந்தது. பாட்டுக்குப் போய் வந்தால் யன்னலோடுதான். ஒரு நாள் மத்தியானம் கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டு, "எல்லாரும் ஒரு நாளைக்கு விட்டிடுவினம், என்ன?" என்றார். யாரை என்று சொல்லவில்லை. சோறு அப்படியே கிடந்தது.

அன்று பின்னேரம் ஜெயமலர் டேகேர் கணினியில் உட்கார்ந்து, குலேந்திரன் சொன்ன சத்தத்தை அப்படியே இங்கிலீசில் தட்டினாள். மரோன் கிளாசே. நூறு கடை வந்தது. நியூ ஜெர்சியில் ஒரு கடைக்காரன் இரண்டு நாளில் அனுப்புவதாகச் சொன்னான். பெட்டி வந்ததும் கடைக்காரனுடைய சீட்டை வெந்நீர் ஒற்றி உரித்தாள். குலேந்திரனுடைய எழுத்தில் விலாசம் எழுதலாமா என்று பேனையை எடுத்தாள், கை ஓடவில்லை. வெறும் பெட்டியாகக் கொண்டுபோய் மேசையில் வைத்து, "வந்திருக்கு" என்றாள்.

அந்த ஒரு சொல்தான் பொய். மிச்சத்தை அவரே நம்பிக்கொண்டார்.

பிரிட்ஜுக்கு மேலே வைக்கவில்லை. மடியில் வைத்துத் திறந்தார். தங்கத்தாளைப் பிரித்தார். ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்பினார்.

"வத்தாளங்கிழங்கைப் பாகில போட்ட மாதிரிக் கிடக்கு. இதுக்கோ இந்த வெள்ளைக்காரர் அடிபடுறாங்கள்?" என்று சிரித்தார். சிரிப்பு நெஞ்சைக் குத்த, தலையணையைத் தேடிப் பிடித்தார். பிடித்தபடி இன்னொன்று எடுத்தார். "நீயும் தின், மலர். இருவது வருசமாய்த் தின்னாமல் குடுத்திருக்கிறம், விசரர் மாதிரி."

அவள் தின்றாள். தின்னமுடியாத இனிப்பு.

அவருடைய போனில் தம்பியின் இலக்கம் இல்லை. அவள் மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப்போன போனை எடுத்தார். வாட்ஸ்அப்பில் தம்பியின் பெயரைக் கண்டுபிடித்தார். அவள் திரும்பிவரும்போது அவர் அதை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அண்ணை கதைக்கிறன். பெட்டி கிடைச்சுது. திண்டனான். கொஞ்சம் இனிப்புக் கூட, பரவாயில்லை. எனக்கு நெஞ்சைப் பிளந்து தைச்சுக் கிடக்கு, உனக்கு ஆரும் சொன்னவையோ தெரியேல்லை. பயப்பிடாதை, இப்ப சுகம். கோயிலுக்கும் போறனான். கோடைக்கு இஞ்சை வா. தனிய வராதை, அந்தப் பிள்ளையையும் பெடியனையும் கூட்டிக்கொண்டு வா. அவள் இஞ்சை குசினிக்குள்ள நிண்டு சமைக்கட்டும், நான் இருந்து சாப்பிடுறன். நான் அண்டைக்குச் சொன்னது... கோவத்தில சொன்னதடா. நீ அதை மனசில வச்சிருக்காதை. சரி. வைக்கிறன்."

ஜெயமலர் தேத்தண்ணியோடு நின்றாள். பறித்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கை நீளவில்லை. அவர் விரலை எடுத்தார். குரல்செய்தி போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில், "நீலச் சரி விழுந்திட்டுது! கேட்டிட்டான்!" என்று அவர் கத்தினார். செத்தவனுடைய போனைச் சயந்தினி அணையவிடாமல் வைத்திருக்கிறாள் என்பது ஜெயமலருக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கே அவள் தனியாக இருந்து அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள், இருபது வருடம் அவள் புருசன் காத்திருந்த குரலை.

பதில் வரவில்லை. அவர் போனைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. "வேலையாக்கும். இப்ப அவங்களுக்குச் சீசன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த நாள் கோயிலுக்கும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போனார். திரும்பி வந்து, திருநீறு அழியாத நெற்றியோடு கோப்பியைக் கையில் எடுத்தபோது அது அடித்தது. திரையில் குலேந்திரனுடைய படம்.

"தம்பி!" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதாள். "அண்ணை" என்றாள். 

"ஆர் பிள்ளை? சயந்தினியோ? ஏன் அழுகிறாய்? அவன் எங்கை?"

இருபது வருடத்தில் முதல் முறையாக அந்தப் பெயர் அவர் வாயால் வந்தது. ஜெயமலர் ஓடிவந்து போனுக்குக் கை நீட்டினாள். அவர் தள்ளிப் பிடித்தார்.

"அவர் இல்லை அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கடை உடம்புக்குப் பயந்து அக்காவும் நானும் சொல்லாமல் விட்டனாங்கள். என்னாலை ஏலாமல் போச்சு. நீங்கள் கதைச்சதை நூறு தரம் கேட்டிட்டன். பெடியனும் கேட்டவன்."

"எப்ப?"

"விளக்கீட்டுக்கு அடுத்த நாள்."

கோப்பிக் கோப்பை மேசையில் மெல்ல இறங்கியது. அவர் விழவில்லை. நெஞ்சைப் பிடிக்கவும் இல்லை. எந்த நெஞ்சுக்குப் பயந்து அவள் இத்தனை நாள் பொய்யோடு எழும்பிப் பொய்யோடு படுத்தாளோ, அந்த நெஞ்சு தைத்தபடியே உறுதியாக நின்றது. "அழாதை பிள்ளை. நான் பிறகு எடுக்கிறன், பெடியனிட்டைச் சொல்லு" என்று நிதானமாகப் போனை வைத்தார். குளியலறைக்குள் போனார். தலையில் தண்ணீர் விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. ஈரத்தோடு வந்து கதிரையில் இருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது.

"உன்ரை முழங்காலுக்கு என்ன?" என்று கேட்டார்.

ஜெயமலர் மேசையில் கிடந்த கோப்பிக் கோப்பையை எடுக்கப் போனாள்.

"ஒண்டுமில்லை, என்ன? நீ துடக்குக் காத்தனி. என்ரை தம்பிக்கு நீ காத்தனி. என்னைக் காக்கவிடேல்லை."

"உங்கடை உயிருக்குப் பயந்து..."

"நான் பாடிக்கொண்டு திரிஞ்சனான், மலர். அவன் எரிஞ்சு சாம்பலாய்க் கிடக்க, நான் கற்பூரத்தட்டு வாங்கிப் பாடினனான். செத்தாலும் காக்கமாட்டன் எண்டு சொன்ன சொல்லை நான் தண்ணியில விட்டு எவ்வளவு காலம். நீ அதை நிறைவேத்தி வச்சிட்டாய்."

"தங்கச்சிமாரும் சேர்ந்துதான் முடிவெடுத்தது" என்றாள் அவள். சொன்னதும் வெட்கமாக இருந்தது.

"அவளுகள் டொரொன்டோவில. நீ அந்த அறை வாசலில நிண்டு, நான் விளக்குக் கொளுத்துறதைப் பார்த்துக்கொண்டு நிண்டனி." பிறகு மேசையைப் பார்க்காமலே, "அந்தப் பெட்டி?" என்றார்.

"நான்தான் எடுப்பிச்சனான்."

அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கத்தியிருந்தால் அவளுக்கு வழி தெரியும். கத்திய மனிதனை இறக்கிக் கொண்டுவரும் வேலையை அவள் எத்தனை தரம் செய்திருக்கிறாள். இது வேறு மாதிரி இருந்தது. பிடித்து இறங்க ஒரு கொப்பும் இல்லாத மரம்.

குருக்களைக் கேட்டார். தெரியாமல் நடந்தது, காலம் கடந்து கேட்ட துடக்கு, முழுக்குப் போட்டு மூன்று நாள் காத்தால் போதும் என்றார் குருக்கள். சிறீஸ்கந்தராசா அதை ஏற்கவில்லை. சாவைக் கேட்ட நாளிலிருந்து முழுதாக முப்பத்தொன்றும் காத்தார். தாடி வளர்ந்தது. விளக்கு அணைந்து கிடந்தது. ஒவ்வொரு நாளும் பாரிசுக்கு எடுத்தார். மயூரனோடு பேசினார், என்ன படிக்கிறாய், தகப்பன் உனக்கு நீந்தப் பழக்கினவனோ என்று கேட்டார். சயந்தினியிடம், "சாப்பிட்டனியோ பிள்ளை?" என்று கேட்டார். பக்கத்து அறையிலிருந்து ஜெயமலர் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்தப் பேச்சு ஒரு நாள் நடக்கவேண்டுமென்று இருபது வருடம் நேர்ந்தவள் அவள்தான். நடந்துவிட்டது. அவளோடு அவர் பேசுவது மாத்திரை, தண்ணீர், கதவு, இவ்வளவும்தான்.

துவாரகா வந்து தகப்பனோடு சண்டை பிடித்தாள். "அப்பா, ஷி டிட் இட் ஃபார் யூ. பனிஷ் பண்ணாதீங்கோ."

"நான் ஒருத்தரையும் தண்டிக்கேல்லை, பிள்ளை. எனக்குக் கதை வருகுதில்லை" என்றார். அது பொய்யில்லை. அவர் வாயைத் திறக்கப் பார்ப்பதும், ஒன்றும் வராமல் மூடுவதும் ஜெயமலர் கண்டதுதான்.

செக்கப்புக்குத் துவாரகாவும் கூடப் போனாள். டாக்டரிடம் கேட்டே விட்டாள். வீட்டுக்கு வந்த கிழமையே சொல்லியிருக்கலாமே, பக்கத்தில் ஆள் இருந்தால் போதும் என்றாராம். பிளேனில் போகலாமா என்று சிறீஸ்கந்தராசா கேட்டார். போகலாம் என்றார் டாக்டர்.

பாரிசுக்கு ஒரு டிக்கட்தான் எடுத்தார். விமான நிலையத்துக்கு ஜெயமலர்தான் காரோட்டினாள். பெட்டியை முன் சீட்டில் வைத்துவிட்டு அவர் பின்னுக்கு இருந்தார். ஃப்ரீவேயில் நெரிசல். கண்ணாடிக்குள் அவள் பார்த்தபோதெல்லாம் அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வருவியள்?" என்று இறக்கிவிட்ட இடத்தில் கேட்டாள்.

"பார்ப்பம்."

"நானும் வரட்டோ, பிறகு? சயந்தினியைப் பார்க்க?"

அவர் பெட்டியின் கைபிடியை இழுத்து நிமிர்த்தினார். "நீ ஏன் அலையிறாய்" என்றார். உள்ளே போனார். பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.

மாசி போய்ப் பங்குனியும் வந்தது. ராஜலக்ஷ்மி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். அறை வாசல் வரை ஜெயமலர் போவாள். துடக்கு எப்போதோ கழிந்துவிட்டது. நெருப்புப்பெட்டியை எடுப்பாள், திரும்ப வைத்துவிட்டு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிசுக்குப் போன் எடுப்பாள். அந்தப் பக்கம் பேசுவது சயந்தினி.

"அண்ணை இப்பத்தான் மயூரனோடை வெளிக்கிட்டவர், அக்கா. சொல்லுறன் நீங்கள் எடுத்ததெண்டு."

"எப்பிடி இருக்கிறார்?"

"நல்லா இருக்கிறார். நேற்று என்ரை குழம்பைச் சாப்பிட்டிட்டு, மகனுக்கு ஏதோ பகிடி சொல்லிச் சிரிச்சவர். இரண்டு பேரும் ஒரே சிரிப்பு."

"என்ன பகிடி?"

"எனக்குக் கேக்கேல்லை அக்கா, நான் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான்."

 அவரை வரும்படி சொல்லு என்று கேட்க ஜெயமலர் வாய் எடுத்தாள். அந்தப் பெண்ணிடம் போய் எப்படிக் கேட்பது?

"இரவு மாத்திரையைச் சுடுதண்ணியோடை குடுங்கோ" என்றாள். "பச்சைத்தண்ணி அவருக்கு ஒத்துக்கொள்ளாது."

"ஓம் அக்கா. அப்பிடித்தான் குடுக்கிறனான். அண்ணை சொன்னவர்."

"ஓ" என்றாள் ஜெயமலர்.